திருச்சி – சிங்கப்பூர்: எத்தனை தூரம், எத்தனை நேரம்?

பழைய மாணவர் சங்கத்திலிருந்து போன். "மலருக்கு ஏதாவது எழுதிக் குடுப்பா. கவிதை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நிறைய வந்து குவிஞ்சிருக்கு" என்றார் சீனியர் அண்ணன் ஒருவர். நான் மெக்கானிக்கல், 2010-ல் வெளியே வந்த பேட்ச். கவிதை எனக்கு வராது. கணக்கு ஓரளவு வரும். அதனால் ஒரு கணக்கையே எழுதுகிறேன். கூடவே கொஞ்சம் சரித்திரமும் வரும். பொறுத்துக்கொள்ளவும்.

நம் ஹாஸ்டல் மொட்டை மாடி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் காலத்தில் கரண்ட் போகாத ராத்திரி கிடையாது. போனதும் பாயைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறிவிடுவோம். மேற்கே திருச்சிப் பக்கம் ஒரு விளக்கு மினுக்கிக்கொண்டே இறங்கும். உடனே யாராவது ஒருத்தன், "அதோ பாரு, சிங்கப்பூர் ஃப்ளைட்" என்பான். அது சென்னையிலிருந்து வருகிற விமானமாகக்கூட இருக்கலாம். ஆனால் எங்களுக்கு எல்லாமே சிங்கப்பூர் ஃப்ளைட்தான். ரூமுக்கு ஒருத்தனுக்காவது அங்கே மாமாவோ சித்தப்பாவோ இருந்தார்கள்.

ஒரு நாள் இதில் சண்டை வந்துவிட்டது. சிங்கப்பூர் எவ்வளவு தூரம்? "நாலு மணி நேரம்" என்றான் ஒருத்தன். மறுநாள் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வகுப்பில் சாரிடமே கேட்டோம். அவர் சாக்பீஸ் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "தூரத்தைக் கேட்டா நேரத்தைச் சொல்றீங்க. சரி, நாலு மணி நேரம்னா எங்கேருந்து எங்கே வரைக்கும்?" என்றார்.

"ஏர்போர்ட்லேருந்து ஏர்போர்ட் வரைக்கும் சார்."

"நீ ஏர்போர்ட்லயா குடியிருக்கே?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்று 2019-ல்தான் எனக்கு உறைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு

திருச்சி விமான நிலையம் வடக்கு அட்சம் 10 டிகிரி 46 நிமிடம், கிழக்குத் தீர்க்கம் 78 டிகிரி 43 நிமிடம். சிங்கப்பூர் சாங்கி, வடக்கு 1 டிகிரி 22 நிமிடம், கிழக்கு 103 டிகிரி 59 நிமிடம். இந்த நாலு எண்ணும் போதும். பூமி உருண்டை என்பதால், இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி 'கிரேட் சர்க்கிள்' எனப்படும் பெருவட்டத்தின் ஒரு துண்டு. கோள முக்கோணக் கணக்குப் போட்டால் நடுவில் விழும் கோணம் 26.8 டிகிரி. டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் சுமார் 2,980 கிலோமீட்டர்.

அட்லஸில் ஸ்கேல் வைத்து நேர்க்கோடு போட்டு, திசைமானியை ஒரே கோணத்தில் வைத்துப் போனால்? ஒரு கிலோமீட்டர்கூட அதிகமாகாது. நாமும் சிங்கப்பூரும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இந்தச் சலுகை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு இறங்காமல் போகிற விமானம் இருக்கிறது, சுமார் 15,300 கிலோமீட்டர், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். அங்கே அட்லஸ் கோட்டை நம்பிப் போனால் எரிபொருள் தீர்ந்துவிடும்.

இனி நேரம். நம் ஊருக்கு வருகிற ஏ320, 737 ரக விமானங்கள் மேலே மணிக்குச் சுமார் 840 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 2,980-ஐ வகுத்தால் மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஏறுவது, இறங்குவது, ஓடுதளத்துக்கு உருண்டு போவது எல்லாம் சேர்த்து நாலு மணி நேரம். ஆக ஹாஸ்டலில் சொன்னவன் சொன்னது சரிதான்.

ஆனால் பறந்த நேரமும் கடந்த தூரமும் எப்போதும் கைகோத்துப் போகாது. 2024 அக்டோபர் 11 மாலை, திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. எரிபொருளைக் கரைத்து எடையைக் குறைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்துவிட்டுத் திருச்சியிலேயே பத்திரமாக இறங்கியது. முதலாண்டு பிசிக்ஸில் 'டிஸ்ப்ளேஸ்மென்ட்' என்று படித்தோமே, அதன்படி அந்தப் பயணத்தின் அளவு பூஜ்யம்! கீழே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த குடும்பங்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது.

கீழே ஒரு காற்று, மேலே ஒரு காற்று

இந்த வழி நேற்று வந்ததல்ல. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி இருக்கிறது. கடல் நடுவே கலம் பல அனுப்பி ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் வென்ற செய்தி அதில் உண்டு. படையெடுப்பு நடந்தது 1025-ஆம் ஆண்டு வாக்கில். கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. அதற்கு இருபது வருஷம் முன்பு ராஜராஜன் காலத்தில், அதே ஸ்ரீவிஜய அரசர்கள் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்ப, ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாய் அதற்கு விடப்பட்டது. லெய்டன் செப்பேடு சொல்கிற விவரம் இது. நாகையில் நின்ற பழைய பௌத்தக் கோபுரம் கடலில் வருகிறவர்களுக்கு அடையாளமாக வெகுகாலம் இருந்து, 1867-ல் இடிக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் பயண நேரத்தைக் காற்றுதான் தீர்மானித்தது. தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே போக வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று வரும்வரை காத்திருந்து திரும்ப வேண்டும். போக வர என்று ஒரு வருஷத்தைக் கடலுக்குத் தத்தம் செய்துவிட வேண்டியதுதான்.

இதில் எஞ்சினியர்களுக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை கீழே மேற்கிலிருந்து காற்று அடிக்கிறபோது, தென்னிந்தியாவுக்கு மேலே 12 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பலத்த காற்று ஓடுகிறது. கிழக்கு ஜெட் காற்று என்று பெயர். 1950-களில் இதை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம். ஆக, ஆனி ஆடியில் சோழன் கலத்தைப் பின்னாலிருந்து தள்ளிய அதே பருவகாலம், இன்றைய விமானத்துக்கு எதிர்க்காற்று. விமானம் அந்த ஓட்டத்தின் அடிவிளிம்பைத்தான் தொடும். சில நிமிஷங்கள் கூடும், திரும்புகையில் சில நிமிஷங்கள் குறையும். குடகில் மழையைக் கொட்டி, மேட்டூரை நிரப்பி, ஜூன் 12-ல் குறுவைக்குத் தண்ணி விட வைக்கிற பருவமழையும் இதே ஏற்பாட்டின் ஒரு பகுதிதான். நம்ம வயலும் நம்ம விமானமும் ஒரே காற்றுக்குக் கட்டுப்பட்டவை.

ராஜுலா என்றொரு கப்பல்

நீராவி வந்ததும் காற்றுக்குக் காத்திருப்பது போயிற்று. 1861-62-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிக்கு ரயில் வந்தது. நெல் போன அதே ரயிலில் ஆட்களும் போனார்கள். மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்து அனுப்பிய கதையை நம்மில் பலர் வீட்டுத் திண்ணையிலேயே கேட்டிருப்போம். 1938-ல் இந்திய அரசு அப்படி ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதன் பிறகும் சொந்தச் செலவில் போனவர்கள் உண்டு.

எங்கள் தாத்தா அப்படிப் போனவர். 1950-ல் அவருக்கு இருபது வயது. ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து தஞ்சாவூருக்கு மாட்டு வண்டி, அங்கிருந்து நாகைக்கு ரயில், நாகையில் 'ராஜுலா'. 1926-ல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட கப்பல் அது; பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காகச் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று நாற்பத்தேழு வருஷம் ஓடியது. நாகைக் கரையில் கப்பல் ஒட்டாது. கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். டெக்கில் பாயை விரித்து இடம் பிடித்தவனுக்கு அதுதான் வீடு. "கப்பல்ல ஏறுனதைவிட அந்தப் படகுல போனதுதாண்டா பயம்" என்பாராம் தாத்தா.

நாகையிலிருந்து பினாங்கு சுமார் 1,250 கடல் மைல். ராஜுலாவின் வேகம் மணிக்குப் பன்னிரண்டரை கடல் மைல் போல. வகுத்துப் பாருங்கள், நூறு மணி நேரம். நாலு நாளும் நாலு மணியும். பினாங்கிலும் போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலும் நின்று சிங்கப்பூர் சேர ஒரு வாரம் ஆகிவிடும்.

கடிகாரத்திலும் ஒரு வேடிக்கை. தாத்தா காலத்தில் நமக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம்தான். 1982 ஜனவரி 1-ல் மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியபோது சிங்கப்பூரும் தள்ளியது. அதிலிருந்து இரண்டரை மணி. ஊர் நகரவில்லை, முள் நகர்ந்துவிட்டது.

1973-ல் ராஜுலா ஓய்ந்தது. பிறகு 'எம்.வி. சிதம்பரம்' ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அத்தோடு சென்னை–சிங்கப்பூர் பயணிகள் கப்பல் காலம் முடிந்தது. நாகைத் துறைமுகத்தில் மறுபடி பயணிகள் ஏற 2023 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் சிங்கப்பூருக்கு அல்ல, பக்கத்துக் காங்கேசன்துறைக்கு.

வானத்து வழி

திருச்சிக்கு விமானம் புதிதல்ல. 1938-லேயே டாட்டாவின் கராச்சி–கொழும்பு தபால் விமானம் திருச்சி வழியாகப் போனது. ஏர் இந்தியா இன்டர்நேஷனல் 1954-ல் சிங்கப்பூருக்குப் பறக்க ஆரம்பித்தது. ஆனால் அது நம்ம ஊர்க்காரர்களுக்கான டிக்கெட் அல்ல. தாத்தாவும் அவர் தோழர்களும் கப்பலையே நம்பினார்கள். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் குறைந்த கட்டண விமானங்கள் வந்த பிறகுதான் திருச்சி–சிங்கப்பூர் பஸ் ரூட் மாதிரி ஆயிற்று. திருச்சிக்குச் சர்வதேச விமான நிலையம் என்ற பெயர் 2012 அக்டோபரில் கிடைத்தது. புதிய முனையம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டு ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது.

தஞ்சாவூரில் விமான தளம் இல்லையா என்று ஜூனியர்கள் கேட்கலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று உண்டு. 2013-ல் அது முழு அளவிலான விமானப்படை நிலையமாயிற்று. 2020-ல் சுகோய் அணி வந்து இறங்கியது. சத்தம் நமக்குக் கேட்கும், சவாரி கிடைக்காது!

ஆளும் சேதியும்

இதுவரை ஆள் போன கதை. சேதி போன கதை வேறு. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி போட்டது 1870-71-ல். ராஜுலா பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே சேதி கப்பலை முந்திவிட்டது. ஆனால் யாருடைய சேதி?

1956-ல் தாத்தா ஊருக்கு வந்து கல்யாணம் முடித்துத் திரும்பிப் போனார். 1958-ல் அவருடைய அம்மா இறந்தார். ஊரில் யாரும் தந்தி அடிக்கவில்லை. "தந்தி குடுக்க டவுனுக்குப் போவணும், சொல்லுக்கு இவ்வளவுன்னு காசு. குடுத்தா மட்டும் கப்பல் பறந்தா வரும்?" என்று அப்பாயி கேட்பார். கருமாதி முடிந்து, வாத்தியாரை விட்டு ஒரு கடுதாசி எழுதச் சொல்லி, அது கப்பலேறிப் போய்ச் சேர்ந்தபோது நாற்பது நாள் ஆகியிருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை முடிந்து வந்து, விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கடுதாசியைப் படித்தாராம் தாத்தா. 1971-ல் வெள்ளைக்காரர்கள் தளத்தைக் காலி செய்த வருஷம், அவரும் ராஜுலாவில் ஊர் திரும்பினார்.

இன்று சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலடியில் கண்ணாடி இழைக் கேபிள் கிடக்கிறது. முதலாவது 2002-ல் வந்தது, சுமார் 3,200 கிலோமீட்டர். இழைக்குள் ஒளி வினாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். வகுத்தால் 16 மில்லி செகண்ட். கண் இமைக்கிற நேரத்தைவிடக் குறைவு. நம் நாட்டுத் தந்தி சேவையே 2013 ஜூலையோடு முடிந்துபோயிற்று.

பதினெட்டு மணி நேரம்

2019 தை மாதம். நான் அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி 1.20-க்குச் சித்தப்பா போன். ஊரில் மணி 10.50. "தம்பி, அப்பா போயிட்டாருப்பா." நெஞ்சுவலி என்று சொல்லி உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

சேதி வந்து சேர 16 மில்லி செகண்ட். நான் போய்ச் சேர எவ்வளவு?

திருச்சிக்குக் காலை விமானத்தில் இடமில்லை. சென்னைக்கு ஏழரை மணி விமானத்தில் ஒரு சீட் கிடைத்தது. சித்தப்பா போன் வந்ததிலிருந்து விமானம் கிளம்பும்வரை, டிக்கெட் தேடி, பாஸ்போர்ட் எடுத்து, சாங்கியில் காத்துக் கிடந்தது 6 மணி 10 நிமிஷம். வானத்தில் 4 மணி 10 நிமிஷம். சென்னையில் குடியேற்றச் சோதனை, வாசல் என்று 1 மணி 10 நிமிஷம். அங்கிருந்து விமானமோ ரயிலோ சரிப்பட்டு வராமல் காரில் ஊர்வரை 6 மணி 40 நிமிஷம். கூட்டிப் பாருங்கள், 18 மணி 10 நிமிஷம். வாசலில் பந்தல் கண்ணில் பட்டபோது சாயங்காலம் சரியாக ஐந்து. விமானப் பயணம் இதில் கால் பங்குகூட இல்லை.

அந்த நாலு மணி நேரத்தில் பக்கத்து சீட்டுக்காரர் இட்லி சாப்பிட்டார், படம் பார்த்தார். நான் எதிரே இருந்த திரையில் குட்டி விமானம் அந்தமான் கடல்மேல் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கு 840 கிலோமீட்டர் என்று எண் ஓடிக்கொண்டிருந்தது. நகர்கிற மாதிரியே தெரியவில்லை. "நீ ஏர்போர்ட்லயா குடியிருக்கே?" என்ற சார் குரல் அங்கேதான் திரும்பக் கேட்டது.

ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்பட்டபோது, "புள்ளை வந்துகிட்டிருக்கான்ல" என்று பிடித்து நிறுத்தியது அப்பாயி. எண்பது வயதைத் தாண்டியவர், பெற்ற மகனுக்காக உட்கார்ந்திருக்கிறார். காரியமெல்லாம் முடிந்த ஒரு ராத்திரி அவரிடம், "தாத்தாவைவிட நான் பரவால்ல அப்பாயி, முகமாச்சும் பாத்துட்டேன்" என்றேன்.

அப்பாயி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஒங்க தாத்தாவுக்குத் தெரிஞ்சப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அவரு ஒரே ராத்திரியில அழுது தீத்துட்டாரு. நீ பாவம், தெரிஞ்சுகிட்டே அம்புட்டு நேரம் வந்திருக்கே."

நண்பர்களே, நான் இத்தனை பக்கம் போட்ட கணக்கில் விட்டுப்போனதை அப்பாயி ஒரே வரியில் பிடித்துவிட்டார். கப்பல் காலத்தில் சேதியும் ஆளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போனார்கள். தெரிந்த பிறகு பதறி ஓட எதுவும் மிச்சமில்லை. சேதியின் வேகத்தை மனிதன் மில்லி செகண்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். ஆளின் வேகம் நாலு மணி நேரத்தில் நின்றுவிட்டது. இன்றைய விமானமும் 1960-களின் ஜெட் விமானமும் ஏறக்குறைய ஒரே வேகம்தான். தெரிவதற்கும் போய்ச் சேர்வதற்கும் நடுவே இருக்கிற அந்த இடைவெளி, நம்ம தலைமுறைக்கு வந்து வாய்த்த புதுத் தூரம். அதை எந்த அட்லஸிலும் அளக்க முடியாது.

ஒரு வேண்டுகோள்

நாலு மணி நேரத்தை நம்மால் குறைக்க முடியாது. மீதிப் பதினாலு மணி நேரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். அன்று சென்னை விமான நிலைய வாசலில் காரோடு நின்றது நம் பேட்ச் நண்பன். விடியற்காலை ஐந்தரைக்குச் சேதி கேட்டு, ஆபீஸுக்கு லீவு சொல்லி, வழியில் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டிக்கொண்டு வந்தான். விழுப்புரம் தாண்டி டீ வாங்கிக் கொடுத்தபோது மட்டும், "குடிடா" என்றான். ஆறு மணி நாற்பது நிமிஷத்தில் அவன் ஊர் சேர்த்திராவிட்டால், பொழுது சாய்ந்திருக்கும்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு யோசனை. திருச்சி, சென்னை, பெங்களூர், சிங்கப்பூர், துபாய் ஒவ்வொன்றிலும், நடுராத்திரி போன் வந்தாலும் எடுத்து, டிக்கெட் பார்த்து, வண்டி கொண்டுவரச் சம்மதிக்கிற நாலு பேர் வீதம் ஒரு பட்டியல் போட்டு வைப்போம். சிங்கப்பூருக்கான முதல் பெயராக என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். வெளிநாடு போகிற தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை: பாஸ்போர்ட்டைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். ஒரு வழி டிக்கெட்டுக்கான பணத்தை எப்போதும் தொடாமல் வையுங்கள். வேலை எத்தனை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது என்று யாராவது கேட்டால், எங்கேயிருந்து எங்கே வரைக்கும் என்று திருப்பிக் கேளுங்கள்.

அந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுத்த சார் ஓய்வு பெற்றுவிட்டார். இந்தச் சந்திப்புக்கு வருவார் என்று கேள்விப்படுகிறேன். வந்தால், பதினைந்து வருஷம் தாமதமாக, விடையைச் சொல்லிவிட வேண்டும்: "வீட்டு வாசல் வரைக்கும் சார்."